சொல்லடைவை எடுத்துவிட்ட கலைக்களஞ்சியம்: பிரிட்டானிக்கா 15ஆம் பதிப்பு, 1974 முதல் 1985 வரை

## நிகழ்வு

என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தன் 15ஆம் பதிப்பை 1974இல் 30 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அச்சுச் செலவு போக 3 கோடியே 20 லட்சம் டாலர் செலவு. எழுதியவர்கள் 4,000 பேருக்கு மேல். சொற்கள் சுமார் 4 கோடியே 30 லட்சம். முந்தைய பதிப்புகளில் கடைசித் தொகுதியில் இருந்த சொல்லடைவு மட்டும் இதில் இல்லை. விட்டுப்போகவில்லை, யோசித்துத்தான் எடுத்தார்கள். 11 ஆண்டு கழித்து, 1985இல், இரண்டு முழுத் தொகுதிகளாக அதைத் திரும்பச் சேர்த்தார்கள்.

அந்த 11 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. முடிவெடுத்தவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அவர்கள் சாமானியர்கள் அல்ல. அவ்வளவு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஒரு விளக்கம் தேவைப்படும். சொல்லடைவு என்றால் முன்பக்கத்துப் பொருளடக்கம் அல்ல. நூலுக்குள் வரும் பெயர்களையும் பொருள்களையும் அகரவரிசையில் அடுக்கி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் கடைசிப் பகுதி. நம் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அது இருக்காது, நாமும் தேடிப் பழகவில்லை. அதனால் இதற்குப் போய் இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். லண்டன் காபி விடுதிகளைப் பற்றி ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காபி என்ற கட்டுரையில் கொஞ்சம் இருக்கும். லண்டன் என்ற கட்டுரையில் கொஞ்சம். பத்திரிகைகளின் வரலாற்றில் ஒரு பத்தி. லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையே எட்வர்ட் லாய்டின் காபி விடுதியில் தொடங்கியதுதான், ஆகவே காப்பீட்டுக் கட்டுரையிலும் ஒரு வரி வரலாம். நல்ல சொல்லடைவில் 'காபி விடுதி' என்ற ஒரே தலைப்பின் கீழ் இந்த நாலும் வரிசையாக நிற்கும். அது இல்லையென்றால் முதல் இரண்டு கிடைக்கும். மற்ற இரண்டு இருப்பதே தெரியாது.

## பின்னணி

ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுக்கு இது பிறப்போடு வந்த சிக்கல். 1728இல் லண்டனில் ஈஃப்ரெயிம் சேம்பர்ஸ் இரண்டு தொகுதிகளாகத் தன் சைக்ளோபீடியாவை வெளியிட்டார். அகரவரிசையில் போட்டால் தேடுவது எளிது, ஆனால் ஒரே துறை நூறு துண்டாகச் சிதறிவிடும். இது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால் பதிவுகளில் 'அதையும் காண்க, இதையும் காண்க' என்று சுட்டி வைத்துக் கோத்தார்.

1768இல் எடின்பரோவில் பிரிட்டானிக்கா தொடங்கியது. ஓர் அச்சகக்காரரும் ஒரு செதுக்கோவியரும் சேர்ந்து, வில்லியம் ஸ்மெல்லி என்ற 28 வயது இளைஞரை 200 பவுண்டுக்குப் பதிப்பாசிரியராக அமர்த்தினார்கள். இவர்கள் வேறு வழி எடுத்தார்கள். உடற்கூறு, அறுவை மருத்துவம் போன்ற பெரிய துறைகளுக்கு நீண்ட ஆய்வுரைகள். சிறு சொற்களுக்கு ஓரிரு வரிகள். இரண்டும் ஒரே அகரவரிசைக்குள். 1771இல் முடிந்தபோது மூன்று தொகுதிகள். முதல் தொகுதி ஏ, பி என்ற இரண்டே எழுத்துகளில் தீர்ந்துபோனது. கடைசித் தொகுதிக்குள் எம் முதல் இசட் வரை அமுக்கி அடைத்திருந்தார்கள். தொடக்கத்தில் அகலக்கால் வைப்பது இந்தத் தொழிலில் அன்றே இருந்த வழக்கம்.

நீண்ட ஆய்வுரை படிக்க நன்றாக இருக்கும். அதற்குள் இருக்கும் சின்னத் தகவலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 1842இல் முடிந்த 7ஆம் பதிப்பில் முதல்முறையாக முழு நூலுக்கும் பொதுச் சொல்லடைவு சேர்ந்தது. 1910-11இல் வந்த புகழ்பெற்ற 11ஆம் பதிப்பில் 29ஆம் தொகுதி முழுக்க அதுதான், அதில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். கட்டுரைகளோ சுமார் 40,000. அதாவது ஒரு கட்டுரைக்குள் நுழையப் பத்துக்கு மேல் வாசல்கள். 1929இன் 14ஆம் பதிப்பும் கடைசித் தொகுதியில் சொல்லடைவை வைத்திருந்தது. போட்டியாளர்களும் விடவில்லை. அமெரிக்கானாவின் 30ஆம் தொகுதி, காலியர்ஸின் 24ஆம் தொகுதி இரண்டிலும் அது இருந்தது.

எதிர்த்திசையில் போன ஒரு முயற்சியும் உண்டு. 1817 முதல் 1845 வரை லண்டனில் வெளிவந்த என்சைக்ளோபீடியா மெட்ரோபாலிடானா. அகரவரிசை அறிவைக் கூறுபோடுகிறது, துறை வரிசையில்தான் அடுக்க வேண்டும் என்று அதற்குத் திட்டம் போட்டவர் கவிஞர் கோல்ரிட்ஜ். தூய அறிவியல், பயன்பாட்டு அறிவியல், வரலாறு என்று முதல் மூன்று பிரிவுகளும் அப்படியே போயின. மிச்சமிருந்த எல்லாவற்றையும் கொட்ட நான்காவதாக ஒரு பிரிவு தேவைப்பட்டது. அந்தப் பிரிவை அகரவரிசையில்தான் போட்டார்கள். வணிகத்தில் அது தோற்றது.

## அன்று கண்ணில் பட்டவை

1930களில் இருந்து பிரிட்டானிக்கா முழுப் புதுப்பதிப்பு போடுவதை நிறுத்திவிட்டுத் தொடர் திருத்தம் என்ற முறைக்குப் போனது. ஒவ்வோர் ஆண்டும் சில கட்டுரைகளை மட்டும் மாற்றி மறு அச்சிடுவார்கள். பழைய வீட்டில் ஆண்டுக்கு ஓர் அறைக்கு வெள்ளையடிப்பது மாதிரி. 30 ஆண்டில் அறைக்கு அறை நிறம் வேறாகிவிட்டது. 1964இல் ஓர் இயற்பியலாளர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி, காலாவதியான கட்டுரைகள் பழைய பதிப்புகளிலிருந்து அப்படியே வந்துகொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். நிறுவனத்துக்கு அது வலித்திருக்கும்.

ஆக, முற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற முடிவு சரியானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திட்டமிடலுக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தத்துவ அறிஞர். அவருக்கு ஒரு முன்கதை உண்டு. 1952இல் இதே நிறுவனம் மேற்குலகச் செவ்வியல் நூல்களை 54 தொகுதிகளாக வெளியிட்டபோது, அவற்றில் ஓடும் கருத்துகளை 102 தலைப்புகளில் வகைப்படுத்தி இரண்டு தொகுதிகளாக ஓர் அடைவு தயாரித்தவர் அவர்தான். அடைவின் அருமை தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. ஆனால் அவர் நம்பியது கருத்துகளின் அடைவை. ஏ, பி, சி என்று போகும் அடைவு அவருக்கு இரண்டாம் தரம்.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஸ்மெல்லி ஒரே வரிசையில் கலந்துவைத்த நீளத்தையும் குறுக்கத்தையும் இவர்கள் பிரித்தார்கள்.

பத்துத் தொகுதிகள் மைக்ரோபீடியா. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிறு பதிவுகள், பெரும்பாலும் 750 சொல்லுக்குள், எழுதியவர் பெயர் இல்லாமல். 19 தொகுதிகள் மேக்ரோபீடியா. 4,207 நீண்ட கட்டுரைகள். மீதி ஒரு தொகுதி ப்ரோபீடியா, அறிவு முழுவதற்கும் ஒரு வரைபடம். பொருளும் ஆற்றலும், பூமி, பூமியில் உயிர், மனித வாழ்வு, மனித சமூகம், கலை, தொழில்நுட்பம், சமயம், மனிதகுல வரலாறு, அறிவின் கிளைகள் என்று பத்துப் பாகங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அறிஞரின் முன்னுரை. அதன் கீழ் உட்பிரிவுகள், அதற்கும் கீழ் உட்பிரிவுகள்.

என்சைக்ளோபீடியா என்ற சொல்லின் கிரேக்க வேரிலேயே 'கல்வியின் வட்டம்' என்ற பொருள் இருக்கிறது. அந்த வட்டத்தை முதல்முறையாகக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டோம் என்ற பெருமிதம் ப்ரோபீடியாவில் தெரியும். புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உண்மையிலேயே அழகான வேலை அது.

சரி, சொல்லடைவு எங்கே போயிற்று? அவர்கள் கணக்கு இப்படி. சும்மா தகவல் வேண்டுபவர் மைக்ரோபீடியாவுக்குப் போவார், அங்கேயே கிடைத்துவிடும். ஆழமாகப் படிக்க விரும்புகிறவர் ப்ரோபீடியாவில் துறையைப் பிடித்து மேக்ரோபீடியாவுக்குப் போவார். மைக்ரோபீடியாவின் உபதலைப்பிலேயே உடனடித் தகவல் மட்டுமல்லாமல் அடைவு என்றும் போட்டார்கள். பல பதிவுகளின் அடியில் மேக்ரோபீடியாவில் எங்கே பார்க்க வேண்டும் என்று தொகுதி எண், பக்க எண், பக்கத்தில் எந்த இடம் என்று காட்டும் ஓர் எழுத்து, எல்லாம் கொடுத்தார்கள். ஒரு வேலைக்கு இரண்டு கருவி இருக்கும்போது மூன்றாவது எதற்கு?

காகிதத்தில் இந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. அதுதான் ஆபத்து. தகவல் தேடுகிறவர், படிக்க வருகிறவர் என்று மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். தான் எந்த வகை என்பது தெரியாமல் வந்து நிற்பவருக்குப் பாதை இல்லை. காபி விடுதிகளைப் பற்றித் தேடினாரே, அவர் அந்த வகை. அவர் கேள்விக்கு மைக்ரோபீடியாவில் பதிவு இருந்தால் பிழைத்தார். இல்லையென்றால் தன் கேள்வி மனித சமூகத்தில் சேருமா, வரலாற்றில் சேருமா என்று முதலில் அவரே முடிவு செய்ய வேண்டும். அது தெரிந்திருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தே போயிருக்குமே.

## வெளிவந்த பிறகு

அடி விழுந்தது நூலகங்களின் குறிப்புதவி மேசையில்.

அந்த மேசையில் நடப்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒருவர் வந்து ஏதோ ஒரு சின்ன ஒப்பந்தத்தைப் பற்றியோ, ஒரு சிற்றரசனைப் பற்றியோ கேட்கிறார். நூலகர் எழுந்து மைக்ரோபீடியாவுக்குப் போகிறார். அதன் முதுகில் ரோமன் எண்கள், ஒன்றிலிருந்து பத்து வரை. எடுத்தால் பத்து வரிப் பதிவு, அடியில் மேக்ரோபீடியாவுக்கு இரண்டு மூன்று சுட்டிகள். மேக்ரோபீடியாவில் சாதாரண எண்கள், 1 முதல் 19 வரை. ரோமன் ஏழும் வேண்டும், சாதாரண 7ம் வேண்டும் என்றால் அலமாரியில் இரண்டு ஏழுகள். ஒன்றை எடுத்துப் பிரித்து, பக்கம் தேடி, அந்தப் பத்தியைப் பிடித்தால் சில சமயம் அங்கே இருப்பதும் அதே பத்து வரிச் சங்கதிதான். அப்புறம் அடுத்த சுட்டி. மேசை மேல் மூன்று தடித்த புத்தகங்கள் விரிந்து கிடக்கும், வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதிவே இல்லாத சொல் என்றால் இன்னும் மோசம். பழைய பதிப்பில் கடைசித் தொகுதியை எடுத்து, விரலை ஓட்டி, இருக்கிறது அல்லது இல்லை என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். புதிய பதிப்பில் 'இல்லை' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 19 தொகுதிக்குள் எங்கேயோ ஒரு பத்தியில் இருக்கக்கூடும். நூலகருக்கு இதைவிடச் சங்கடம் வேறு கிடையாது. இல்லை என்று தெரிந்தால் அடுத்த நூலுக்குப் போய்விடலாம்.

கடும் விமர்சனம் வந்தது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் இரண்டு அளவில் சொல்வதைப் பற்றியும், ப்ரோபீடியாவை யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைப் பற்றியும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லடைவு இல்லாததைப் பற்றியும்.

## ஏன் 11 ஆண்டு ஆயிற்று

இந்தப் பகுதி என் கணிப்பு. ஆவணம் பார்த்துச் சொல்வதல்ல.

பிரிட்டானிக்கா அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் விற்கப்பட்ட பொருள். பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று பெற்றோர் தவணையில் வாங்கினார்கள். வரவேற்பறை அலமாரியில் வைத்த பின் அதைத் தினமும் யார் பிரிக்கிறார்கள்? பிரிக்காதவருக்குச் சொல்லடைவு இல்லாதது உறுத்தாது. தினமும் பிரிக்கிறவர் நூலகர். வாங்குபவர் ஒருவர், உழைக்கிறவர் இன்னொருவர். விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் குறை கண்ணிலேயே படாது.

இன்னொன்று. மூன்றாகப் பிரித்த அந்த அமைப்புதான் புதிய பதிப்பின் விளம்பரமே. 'இதில் அடைவு தேவையில்லை' என்பது அமைப்போடு சேர்ந்த வாக்குறுதி. அடைவைச் சேர்த்தால் அமைப்பு தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலையின் அளவையும் மறக்கக்கூடாது. 4 கோடிக்கு மேற்பட்ட சொற்களுக்குச் சொல்லடைவு போடுவது என்பது தனியொரு நூல் எழுதுவது. ஆண்டுதோறும் பக்கங்கள் நகர்ந்தால் அதுவும் நகர வேண்டும்.

## 1985இல் செய்தது

15ஆம் பதிப்பு என்ற பெயரை மாற்றாமல் நூலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். 30 தொகுதி 32 ஆனது. மைக்ரோபீடியா பத்திலிருந்து பன்னிரண்டு. மேக்ரோபீடியா பத்தொன்பதிலிருந்து பதினேழு. ப்ரோபீடியா அதே ஒன்று. கடைசியில் சொல்லடைவு, இரண்டு.

மேக்ரோபீடியாவில் நடந்தது தனிக் கவனத்துக்கு உரியது. 4,207 கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைத்து 700க்கும் குறைவாக்கினார்கள். அமெரிக்க மாநிலங்களுக்குத் தனித்தனியே இருந்த கட்டுரைகள் எல்லாம் அமெரிக்கா என்ற ஒரே கட்டுரைக்குள் போய், அது 310 பக்கம் ஆயிற்று. ஒரு மாநிலத்தைத் தேடுகிறவர் இனி 310 பக்கத்துக்குள் இறங்க வேண்டும். சொல்லடைவு இல்லாமல் இப்படிச் செய்திருந்தால் ரகளையாகியிருக்கும். சொல்லடைவு வந்த தைரியத்தில்தான் இவ்வளவு தடிமனாக இணைக்க முடிந்தது. அகரவரிசைக்கு ஒரு பகுதியை ஒப்படைத்த பிறகு, துறையைத் துறையாக வைக்க வேண்டும் என்ற தத்துவ அறிஞரின் ஆசை முன்பைவிட நன்றாகவே நிறைவேறியது. இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

நூலகங்களின் பெரிய புகார் அடங்கியது. சிறு பதிவு, பெரும் கட்டுரை என்ற பிளவு பற்றிய முணுமுணுப்பு தொடர்ந்தது. ஆனாலும் 1985இன் அமைப்பே கடைசி அச்சுவரை நின்றது.

## மறுபடி செய்தால்

சில மாற்றங்கள் வெளிப்படை. அச்சுக்குப் போகும் முன், மாதிரித் தொகுதிகளை நாலு நூலகங்களின் மேசையில் வைத்து, ஒரு மாதம் வரும் கேள்விகளை மட்டும் குறித்துக்கொண்டிருந்தால் போதும். கேள்விகள் துறையாக வருவதில்லை, சொல்லாகவே வருகின்றன என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

புதுப் பாதை தேறும்வரை பழைய பாதையை மூடியிருக்கக் கூடாது. ப்ரோபீடியாவைச் சேர்த்தது தவறே அல்ல, அதைக் காரணம் காட்டிச் சொல்லடைவை எடுத்ததுதான் தவறு. இரண்டும் சேர்ந்தே 1985இல் விற்றன, 1974இலும் விற்றிருக்கும். கோல்ரிட்ஜின் நான்காவது பிரிவை யாராவது நினைவூட்டியிருந்தால்கூட உதவியிருக்கும்.

குறை தெரிந்த பிறகாவது சொல்லடைவை மட்டும் தனித் தொகுதியாக, ஏற்கெனவே வாங்கிய நூலகங்களுக்கு அனுப்பியிருக்கலாம். 1974இன் தொகுப்பை வாங்கிய நூலகத்துக்கு 1985இன் தீர்வு பழைய தொகுதிகளுக்குப் பொருந்தாது, பக்கங்கள் எல்லாம் மாறிவிட்டன. முழுத் தொகுப்பையும் மறுபடி வாங்க வேண்டும். முதல் சோதனைக்கும் செலவழித்தது நூலகம்தான், திருத்தத்துக்கும் அதுதான்.

ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன். தொடர் திருத்தத்தில் சலித்துப்போய், எல்லாவற்றையும் கீழிருந்து புதிதாக எழுதவைத்த துணிச்சல்.

## அதற்குப் பின்

திருத்தம் கைக்கு வந்த அதே பத்தாண்டில் தேடலின் வழியே மாறத் தொடங்கியது. 1989இல் பிரிட்டானிக்காவின் குழும நிறுவனமான காம்ப்டன்ஸ் குறுந்தகட்டில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. 1990இல் அமெரிக்காவில் 1,20,000 அச்சுத் தொகுப்புகள் விற்றன, அதுவே உச்சம். 1993இல் மைக்ரோசாஃப்டின் குறுந்தகட்டுக் கலைக்களஞ்சியம் என்கார்ட்டா, 2001இல் விக்கிப்பீடியா. தேடல் பெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது சொல்லடைவுதான். காபி விடுதிகளைப் பற்றித் தேடியவருக்கு இனி நூலகரே தேவைப்படவில்லை.

அச்சை நிறுத்துவதாக 2012 மார்ச்சில் அறிவித்தார்கள். எடின்பரோவில் தொடங்கி 244 ஆண்டு. கடைசியாக 2010இல் அச்சான 12,000 தொகுப்புகளில் அன்று 4,000 கிடங்கில் மிச்சம். ஒவ்வொன்றிலும் 32 தொகுதிகள், அவற்றில் ஒன்று ப்ரோபீடியா, இரண்டு சொல்லடைவு.